மலைக்காரன் வண்டிப் புகை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுதா?

  

சாமை விளைஞ்சா மூட்டையை எதுல ஏத்துறோம்? புளி தட்டி முடிச்சா எதுல கொண்டு போறோம்? ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் அடிச்சா எதுல உட்கார வெச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடுறோம்? எல்லாம் அந்தப் பழைய டூவீலர்தான். பஸ் வராத ஊருக்கு அதுதான் பஸ். லாரி ஏறாத பாதைக்கு அதுதான் லாரி. மாடு விற்று வாங்கினவர்கள் உண்டு, மூன்று கை மாறின வண்டியைத் தவணையில் வாங்கினவர்கள் உண்டு. அந்த வண்டிக்கு இன்றைக்கு ஆபத்து வந்திருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் இந்தத் துண்டறிக்கை.

நடந்தது என்ன?

நம் சங்க உறுப்பினர் ஒருவர் போன அறுவடைக்குப் பிறகு சாமை விற்கக் கீழே இறங்கினார். வண்டி பன்னிரண்டு வருஷத்துப் பழசு. வழியில் நிறுத்தினார்கள். லைசென்ஸ் இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு, புகைச் சான்று மட்டும் காலாவதி. "பத்தாயிரம் வரைக்கும் ஃபைன் போடலாம், தெரியுமா?" என்று மிரட்டல். கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் இருந்த புகைப் பரிசோதனை மையத்துக்குப் போனார். மிஷின் காட்டிய கார்பன் மோனாக்சைடு அளவு 5.1 சதவீதம். ஃபெயில்! "மேல ஒரு முன்னூறு குடு, பாத்துக்கலாம்" என்றானாம் அங்கே இருந்த ஆள். சாமை விற்ற காசில் முன்னூறு போயிருக்கும். நல்லவேளை, அவர் கொடுக்கவில்லை. சங்கத்துக்கு போன் போட்டார்.

அடுத்து என்ன செய்தோம்? ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை விட்டோம். ஏர் ஃபில்டரைக் கழற்றினால் செம்மண் புழுதி அப்பியிருக்கிறது. சோக் பாதி இழுத்தபடி நிற்கிறது. மலைக் குளிரில் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று இழுத்துவிட்டது, திரும்ப அழுத்த மறந்துபோனது. பிளக் கரியேறிக் கிடக்கிறது. மூன்றையும் சரி செய்து, கார்புரேட்டர் திருகைக் கொஞ்சம் சரிக்கட்டி, அதே மையத்துக்குத் திரும்பினோம். 2.3 சதவீதம். பாஸ்! லஞ்சம் இல்லை. புதுப் பாகமாகப் போட்டது பிளக் ஒன்று மட்டும்.

இதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, நம்ம வண்டி ஃபெயில் ஆவதற்கு அதன் வயசு காரணமல்ல, பராமரிப்புதான் காரணம். இரண்டு, சட்டம் தெரியாதவனிடம்தான் முன்னூறு கேட்பார்கள். அதனால் சட்டத்தைத் தெரிந்துகொள்வோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989. அதில் 115ஆவது விதிதான் புகையைப் பற்றியது. பதிவு செய்து ஒரு வருஷம் ஆன எல்லா வண்டிக்கும் புகைச் சான்று வேண்டும். பி.எஸ்.4க்கு முந்தைய வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கணும்.

டூவீலருக்கு அளவு என்ன? 2000 மார்ச் 31க்குப் பிறகு தயாரான வண்டி என்றால் சும்மா ஓடும்போது கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. அதற்கு முந்தின வண்டிக்கு 4.5 சதவீதம். எரியாமல் வெளியேறும் பெட்ரோல் ஆவிக்கும் அளவு உண்டு. 2000க்குப் பிந்தின ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்கு பத்து லட்சத்தில் 4,500 பங்கு, டூ ஸ்ட்ரோக்குக்கு 6,000 பங்கு. முந்தின வண்டிகளுக்கு இரண்டு வகைக்குமே 9,000. அதாவது பழைய வண்டிக்குப் பழைய அளவைத்தான் சட்டமே வைத்திருக்கிறது. இன்றைக்குக் கடையில் நிற்கிற பி.எஸ்.6 வண்டி மாதிரி உன் வண்டி இருக்கணும் என்று எந்த விதியும் கேட்கவில்லை. "பழைய வண்டியா? பாஸ் ஆவாது" என்று எவனாவது சொன்னால், "எந்த விதியில் இருக்கு, காட்டு" என்று கேளுங்கள்.

ஃபெயில் ஆனால்? 2021இல் நாடு முழுக்க ஒரே மாதிரி சான்று வந்தது. அதோடு நிராகரிப்புச் சீட்டு என்று ஒன்றும் வந்தது. எந்த அளவு மீறியது என்று அந்தச் சீட்டில் போட்டுத் தரணும். அதைக் கேட்டு வாங்குங்கள். மெக்கானிக்கிடம் காட்டினால் எதைச் சரி செய்வது என்று அவருக்குப் புரியும். வாயால் "ஃபெயில்" என்று சொல்லி அனுப்புகிற மையம் கடமையைச் செய்யவில்லை என்று அர்த்தம்.

அபராதம்? 2019 செப்டம்பர் 1 முதல் அமலான திருத்தச் சட்டத்தில் 190(2) பிரிவின்படி பத்தாயிரம் ரூபாய் வரை போடலாம், மூன்று மாதம் வரை சிறை உண்டு, லைசென்ஸையும் மூன்று மாதம் முடக்கலாம். இது எல்லாருக்கும் தெரியும், நிறுத்துகிறவர்கள் அடிக்கடி சொல்வதால்! ஆனால் அதே விதிப் புத்தகத்தில் 116ஆவது விதி என்று ஒன்று இருக்கிறதே, அதை யாராவது சொல்கிறார்களா? சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத போலீஸ் அதிகாரியோ மோட்டார் வாகன ஆய்வாளரோ வண்டி மீது சந்தேகம் வந்தால், எழுத்து மூலமாக உத்தரவு கொடுத்து, பரிசோதனை செய்து 7 நாளுக்குள் சான்றைக் கொண்டு வா என்று சொல்ல அது வழி வைத்திருக்கிறது. நமக்கு வேண்டியது அந்த 7 நாள்தான். மலையிலிருந்து இறங்குகிறவனுக்கு அந்த அவகாசத்தை ஏன் கொடுப்பதில்லை?

பத்தாயிரம் என்றால் எவ்வளவு? 2025-26ஆம் ஆண்டுக்கு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். அது முழுசாகக் கைக்கு வந்தால்கூட ஒரு மாதம் குனிந்து மண் வெட்டின காசு. காரில் போகிறவனுக்கும் பத்தாயிரம், சாமை மூட்டையோடு போகிறவனுக்கும் பத்தாயிரம்! இதுதான் சமநீதியா?

பயமுறுத்துகிறவர்கள் ஜாக்கிரதை!

ஊருக்குள் ஒரு புரளி சுத்துகிறது. "பதினஞ்சு வருஷம் ஆச்சுன்னா வண்டியப் பிடுங்கிடுவான், பெட்ரோல் போட மாட்டான். இப்பவே ரெண்டாயிரத்துக்குக் குடுத்துடு" என்று பழைய இரும்பு ஆட்கள் வீட்டுக்கே வருகிறார்கள். ஏமாறாதீர்கள்!

அந்தக் கதை டெல்லியுடையது. அங்கே காற்று கெட்டு, பத்து வருஷம் தாண்டின டீசல் வண்டியும் பதினைந்து வருஷம் தாண்டின பெட்ரோல் வண்டியும் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அப்படிப்பட்ட வண்டிகளுக்குப் பெட்ரோலே கிடையாது என்றார்கள். ஜனங்கள் கொதித்தார்கள், சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்ட் 12 அன்று வயசை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை வேண்டாம் என்றது உச்ச நீதிமன்றம். டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.4க்கு முந்தைய வண்டிக்குக் கிடையாது என்று மாற்றியது. இத்தனையும் தலைநகர் வட்டாரத்துக்கு. ஜவ்வாது மலைக்கு அல்ல!

தமிழ்நாட்டில் பதினைந்து வருஷம் முடிந்த வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து வருஷத்துக்குப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். 2021இல் வந்த வாகன அழிப்புக் கொள்கைகூட வயசு ஆன தனியார் வண்டியை எல்லாம் உடை என்று சொல்லவில்லை, தகுதியில் தேறாததைத்தான் சொல்கிறது. பதினைந்து வருஷத்தில் கட்டாயம் உடைக்கணும் என்பது 2023 ஏப்ரல் முதல் அரசாங்க வண்டிக்குப் போட்ட விதி. அரசாங்க ஜீப்புக்கு வந்த விதியைக் காட்டி நம்ம வண்டியை எடைக்கு வாங்கப் பார்க்கிறான் என்றால், அவன் சாமர்த்தியத்தைப் பாருங்கள்!

இன்னொன்று. புகைச் சான்று இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் போட மாட்டேன் என்று சிலர் சொல்கிறார்கள். 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு நிபந்தனை போட்டது உண்மை. 2024 ஜூலையில் அதே நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. இன்சூரன்ஸ் வேறு, புகைச் சான்று வேறு. இரண்டும் தேவைதான். ஆனால் ஒன்று இல்லை என்று மற்றதை மறுக்க முடியாது.

யார் தலையில் யார் சுமை?

2017 மார்ச் கடைசி ஞாபகம் இருக்கிறதா? மார்ச் 29 அன்று, ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.3 வண்டி விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கம்பெனிகளிடம் லட்சக்கணக்கில் வண்டி தேங்கிக் கிடந்தது. இரண்டே நாளில் ஆயிரக்கணக்கில் விலையைக் குறைத்து அவசர அவசரமாகத் தள்ளிவிட்டார்கள். "ஆஃபர்" என்று வாங்கினது யார்? புது வண்டி வாங்க வக்கில்லாத நம்மைப் போன்றவர்கள்தான். கம்பெனிக்குத் தேங்கின சரக்கு தீர்ந்தது. நமக்கு? ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மலை இறங்குகிற வேலை வந்து சேர்ந்தது!

அந்த இறக்கத்துக்குக் கணக்குப் போடுவோம். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். போக வர 80. லிட்டருக்கு 50 கொடுக்கிற வண்டி என்றாலும் ஒன்றரை லிட்டருக்கு மேல் பெட்ரோல். ஒரு நாள் கூலி போச்சு. உள்ளே தள்ளி இருக்கிற கிராமம் என்றால் இன்னும் கூட. புகை குறைந்திருக்கிறதா என்று பார்க்க ஒன்றரை லிட்டர் பெட்ரோலைப் புகையாக விட்டுவிட்டு வரச் சொல்கிற சட்டத்தை எங்கே போய்ச் சொல்வது!

முன்பெல்லாம் போகிறவரிடம் வண்டி நம்பரைக் கொடுத்துச் சான்று வாங்கி வந்தோம். அது தப்புதான், ஒப்புக்கொள்கிறோம். இப்போது வண்டியை மையத்தில் நிறுத்திப் படம் பிடித்து ஏற்றினால்தான் சான்று வரும். போலிச் சான்று ஒழியட்டும், வரவேற்கிறோம். ஆனால் வண்டியைக் கொண்டு வா என்று சொன்ன அரசாங்கம், மையத்தை மலைக்குக் கொண்டு வந்ததா?

பதிவுப் புதுப்பிப்புக் கட்டணத்தைப் பாருங்கள். 300 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரல் முதல் டூவீலருக்கு 1,000. இருபது வருஷம் தாண்டினால் 2025 ஆகஸ்ட் முதல் 2,000. காலம் தவறினால் மாதத்துக்கு 300 கூடுதல் என்கிறது 2021 அக்டோபர் அறிவிக்கை. இருபது மாதம் தவறவிட்டவருக்கு தாமதத்துக்கு மட்டும் 6,000! சந்தையில் அந்த வண்டியே அந்த விலைக்குப் போகாதே. இது கட்டணமா, வண்டியை விட்டுவிடு என்று சொல்லும் மறைமுக உத்தரவா?

இதற்கு நடுவே பெட்ரோலில் நூற்றுக்கு இருபது எத்தனால் கலந்தாகிவிட்டது. பழைய வண்டியில் ரப்பர் குழாய், கேஸ்கெட் சீக்கிரம் மாற்ற வேண்டி வரலாம் என்றும் மைலேஜ் கொஞ்சம் குறையும் என்றும் அரசாங்கமே ஒப்புக்கொண்டது. கரும்பும் மக்காச்சோளமும் எத்தனாலுக்குப் போகட்டும், விவசாயிக்கு நல்லதுதான். ஆனால் குழாய் மாற்றுகிற செலவும் அதே விவசாயி தலையில்தானே விழுகிறது?

எங்கள் காற்றை யார் கெடுத்தது?

நம்ம மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. சுமார் 725 மீட்டர் உயரம். 1986இல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்தார்கள். தேடி எதற்கு இங்கே வந்தார்கள்? வானம் தெளிவாக இருந்தது, இரவு இருட்டாக இருந்தது. நட்சத்திரம் பார்க்கத் தோதான வானத்தைக் காத்து வைத்திருந்தது யார்? சாமை விதைத்து, காட்டைக் காத்து, கடுக்காயும் தேனும் எடுத்துப் பிழைத்த ஜனங்கள். பட்டணத்துக் காற்றைக் கெடுத்தது நாம் அல்ல. ஆனால் பட்டணத்துக்குப் போட்ட தராசை முதலில் நம்ம கழுத்தில் மாட்டுகிறார்கள்!

நம்ம பக்கத்துக் குறையையும் பேசுவோம்

தோழர்களே, புகை விட நமக்கு உரிமை இருக்கிறது என்று சங்கம் சொல்லவில்லை. பின்னால் உட்கார்ந்து வருகிற நம்ம பிள்ளைதான் அந்தப் புகையைக் குடிக்கிறது. "மலையில எவன் கேப்பான்" என்கிற பேச்சை இன்றோடு விடுவோம். மண்ணெண்ணெய் கலக்கிற பழக்கத்தை விடுவோம். டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ஆயிலைக் கண்ணளவாக ஊற்றுவதை விடுவோம். கூட ஊற்றினால் இன்ஜின் நல்லா இருக்கும் என்பது தப்பு. அது புகையாகி சைலன்சரை அடைக்கும்.

மலையில் ஓடுகிற வண்டிக்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. மேலே போகப் போகக் காற்று லேசாகும். கார்புரேட்டர் அதே பெட்ரோலைத்தான் விடும். காற்று குறைந்து பெட்ரோல் கூடினால் சரியாக எரியாது, கார்பன் மோனாக்சைடு ஏறும். கீழே சரிக்கட்டின வண்டி மேலே கரும்புகை விடுவது இதனால்தான். ஆகவே பரிசோதனைக்கு இறங்கும் முன் இவற்றைச் செய்யுங்கள்:

ஏர் ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யவும், கிழிந்திருந்தால் மாற்றவும். நம்ம புழுதிக்குக் கம்பெனி சொல்லும் கணக்குப் போதாது.

பிளக்கின் கரியைத் துடைத்து இடைவெளியைச் சரி பார்க்கவும்.

சோக் முழுசாக உள்ளே அழுத்தியிருக்கிறதா என்று பார்க்கவும்.

டூ ஸ்ட்ரோக் என்றால் சைலன்சர் கரியை எடுக்கச் சொல்லவும்.

கார்புரேட்டர் திருகை நீங்களே திருப்ப வேண்டாம். எந்தப் பக்கம் திருப்பினால் பெட்ரோல் குறையும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். மெக்கானிக்கிடம் விடுங்கள்.

இன்ஜின் நல்லா சூடான பிறகே குழாயை விடச் சொல்லவும். குளிர்ந்த இன்ஜின் ஃபெயில் ஆகும்.

இன்னொரு முக்கியமான விஷயம், ஆர்.சி. புத்தகம். நம்மில் பல பேர் வண்டி இன்னும் முதல் சொந்தக்காரர் பேரில்தான் இருக்கிறது. அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. பதினைந்து வருஷம் முடிந்து புதுப்பிக்கப் போகும்போதுதான் கழுத்தை நெரிக்கும். வாங்குகிற அன்றைக்கே 29, 30ஆம் படிவங்களில் கையெழுத்து வாங்கிப் பேர் மாற்றுங்கள். புதுப்பிக்க 25ஆம் படிவம். பதிவு முடிகிற நாளுக்கு 60 நாள் முன்பிருந்தே கொடுக்கலாம். கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள், மாதம் 300 ஓட ஆரம்பித்துவிடும்.

எங்கள் கோரிக்கைகள்

மத்திய, மாநில அரசுகளே! மாவட்ட நிர்வாகமே!

1. நடமாடும் புகைப் பரிசோதனை வண்டியை மாதம் ஒரு முறையாவது ஜவ்வாது மலை ஊராட்சிகளுக்கு அனுப்பு!

2. பதிவுப் புதுப்பிப்புக்கும் பேர் மாற்றத்துக்கும் ஜமுனாமரத்தூரிலேயே முகாம் நடத்து! தாலுகா ஆக்கியது போர்டு மாட்டுவதற்கு மட்டுமா?

3. சிறு குறு விவசாயிகள், பழங்குடி மக்களின் டூவீலருக்குப் பழைய 300 ரூபாய்க் கட்டணத்தையே வாங்கு! தாமதக் கட்டணத்தை ரத்து செய்!

4. புகைச் சான்று காலாவதியானால் எடுத்த எடுப்பில் அபராதம் போடாதே! எழுத்து மூலம் 7 நாள் அவகாசம் கொடு!

5. எல்லா மையத்திலும் கட்டணம் எவ்வளவு, அனுமதிக்கப்பட்ட அளவு எவ்வளவு என்று தமிழில் எழுதி மாட்டு! நிராகரிப்புச் சீட்டு கொடுக்காத மையத்தின் அனுமதியை ரத்து செய்!

6. மலையில் இருக்கும் மெக்கானிக் பிள்ளைகளுக்குப் புகை அளவுக் கருவியில் பயிற்சி கொடு!

இதில் எது கேட்கக்கூடாதது? வரி ஒழிப்பு கேட்டோமா? இலவச வண்டி கேட்டோமா? சட்டத்தை மதிக்க வழி செய்து கொடு என்றுதான் கேட்கிறோம்.

விவசாயிகளே! ஆறு கோரிக்கையையும் எழுதிய மனு ஊரூருக்கு வருகிறது. கிளைச் செயலாளர்கள் கொண்டு வருவார்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் படித்துக் காட்டட்டும். உங்கள் ஊரில் எத்தனை வண்டி, எத்தனைக்குச் சான்று இல்லை, எத்தனை வண்டி பேர் மாறாமல் கிடக்கிறது என்று கணக்கெடுத்துக் கொடுங்கள். யாரிடம், எங்கே, எவ்வளவு கூடுதலாகக் கேட்டார்கள் என்பதையும் தேதியோடு எழுதிக் கொடுங்கள். அந்தக் கணக்கோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போவோம். நாள் முடிவானதும் ஊர்ப் பெரியவர்கள் மூலம் சொல்லி அனுப்புவோம். அன்றைக்குக் காட்டு வேலையை ஒரு நாள் ஒதுக்கி வையுங்கள்.

தனியாளாக இறங்கினால் முன்னூறு கேட்பான். சங்கமாக இறங்கினால் சட்டம் பேசுவான்!

பழைய வண்டி குற்றமல்ல! ஏழ்மை குற்றமல்ல!
மையம் மலைக்கு வரட்டும்! புகை மலையை விட்டுப் போகட்டும்!
ஒன்றுபடுவோம்! உரிமையை வெல்வோம்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்,
ஜமுனாமரத்தூர்.